திருகோணமலைத் துறைமுகமும் கப்பற் பதிவும்: ஒரு வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்கு

1

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் இயற்கை அமைப்பை வியந்தே தொடங்குவர். குன்றுகள் அரணாக நிற்க, இரு பருவக்காற்றுகளுக்கும் அஞ்சாது கப்பல்கள் தங்கக்கூடிய ஆழமான உட்துறை. ஏறத்தாழ 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு. 500 மீற்றர் அகலமான வாயில். 7ஆம் நூற்றாண்டிலே கோணமாமலையைப் பாடிய திருஞானசம்பந்தர் முத்துக்களைக் கரையில் ஒதுக்கும் கடலைக் கண்டார். 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தளபதிகள் அதே கடலிற் போர்க்கப்பல்களுக்கேற்ற தங்குதளத்தைக் கண்டனர். நோக்குகள் வேறுபடினும், துறைமுகத்தின் பெருமை இயற்கையின் கொடை என்பதில் இரு சாராரும் ஒத்தே நின்றனர்.

இயற்கை மாத்திரமே வரலாற்றைத் தீர்மானிப்பதாயின், இலங்கையின் கடல் வணிகத் தலைநகராகத் திருகோணமலையே விளங்கியிருத்தல் வேண்டும். ஆனால், நிகழ்ந்தது வேறு. தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொண்டு நின்ற கொழும்புக் கரையிலே 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மனித உழைப்பால் உருவாக்கப்பட்ட அத்துறைமுகம் தீவின் வணிகம் முழுவதையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. இயற்கை அமைத்த துறைமுகமோ ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் போர்க்கப்பல்களின் இருப்பிடமாகவே இருந்தது. இம்முரண்பாட்டுக்கு விளக்கம் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடா என்பது புவியியல் உண்மை. துறைமுகம் என்பது சமூக உறவு. எவருடைய கப்பல் வரலாம், எவருடைய பெயரில் அது எழுதப்படும், அது மூழ்கினால் எவர் இழப்பர் என்பவற்றைச் சமூகத்தின் உற்பத்தி உறவுகளும் அவற்றைக் காக்கும் அரசுமே தீர்மானிக்கின்றன. இவ்வுறவுகள் வெளிப்படையாக எழுத்தில் இடம்பெறும் ஆவணம் கப்பற் பதிவேடு ஆகும். எனவே பதிவேட்டின் வரலாற்றைத் திருகோணமலைக் கரையிலிருந்து நோக்குவோம்.

இலக்கிய மாணாக்கராகிய நமக்கு இத்தகைய ஆவணங்கள் புதியனவல்ல. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போது, துறைமுகத்திற் குவிந்த பண்டங்களின் மீது சுங்க அதிகாரிகள் சோழனின் புலி முத்திரையைப் பொறித்தமையைக் கூறுகின்றது. ஈழத்திலிருந்து சென்ற உணவுப் பொருளும் அப்பண்டங்களிடையே பேசப்படுகின்றது. பழம்பெருமை பேசும் ஆய்வாளர் பண்டங்களின் பட்டியலோடு நின்றுவிடுவர். முத்திரை எவருடையது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

2

கடல் வணிகத்தில் அரசு தன் பங்கை வரையறுத்தமைக்கு நம்மிடம் தெளிவான சான்று ஒன்றுண்டு. முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) நயினாதீவிலே பொறித்த தமிழ்க் கல்வெட்டே அதுவாகும். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு வழங்குவதாகக் கூறும் அக்கல்வெட்டு, உடைந்த கப்பல்கள் பற்றியும் விதி செய்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகப் பண்டங்கள் ஏற்றிவரும் கப்பல் உடைந்தாலோ சரிபாதி பண்டாரத்தைச் சேரும்.

சிங்கள மன்னனொருவன் தமிழிலே சட்டம் பொறித்தமை, கடல் வணிகத்தின் மொழி அன்று தமிழாக இருந்தமையைக் காட்டுகின்றது என்பர். அது உண்மையே. ஆயினும் மொழிப் பெருமையோடு அமைந்துவிடின் கல்வெட்டின் உட்பொருள் நமக்குப் புலப்படாது போகும். யானையும் குதிரையும் போர்க்கருவிகள். அவற்றைக் கொணர்வோனுக்குச் சலுகை அளிக்கப்படுகின்றது. பொதுவணிகனின் இழப்பிலோ அரசு பாதியைத் தனதாக்கிக் கொள்கின்றது. கப்பலில் உழைத்து மாண்டவனுக்கு எப்பங்கும் வகுக்கப்படவில்லை. நிலமானிய அரசின் தேவை கடற்சட்டமாக உருப்பெற்றவாற்றை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

திருகோணமலைப் பகுதியும் இவ்வணிக உலகின் ஓரங்கமாகவே இருந்தது. நிலாவெளியிற் கிடைத்த சோழர்காலக் கல்வெட்டு கோணபருவதத்துக் கோயிலுக்கு வழங்கப்பட்ட நிலக்கொடையைக் கூறுகின்றது. பெரியகுளத்தை அடுத்த வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றுத் தமிழ்ப் பௌத்தரின் கொடைகளைப் பெற்றது. மேற்கே பதவியாவிலும் வாகல்கடவிலும் ஐந்நூற்றுவர் முதலிய வணிக கணங்களின் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அவ்வணிகர் படையுடன் இயங்கினர், நகரங்களை அமைத்தனர், கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒருங்கே கொடை வழங்கினர். சைவம், பௌத்தம் என்ற பிரிவைக் கடந்து வணிக மூலதனம் தன் வழியை அமைத்துக்கொண்டமையை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் இதே மண்ணை ஓரினத்தின் தனியுடைமையாகக் காட்ட முயல்வோர் எவராயினும், இக்கல்வெட்டுகள் அவர்களுக்குத் துணை நிற்பனவல்ல.

3

16ஆம் நூற்றாண்டிலே இந்தியப் பெருங்கடலில் நுழைந்த போர்த்துக்கேயர் இவ்வுறவுகளை அடியோடு மாற்றினர். அவர்கள் கொணர்ந்த புதிய கருவி பீரங்கி மாத்திரமன்று. 'கர்த்தாஸ்' என்னும் கடற்சீட்டுமாகும். ஆசிய வணிகனின் கப்பல் எங்கிருந்து எங்கே செல்கின்றது, எதை ஏற்றியுள்ளது என்பன அச்சீட்டில் எழுதப்பட்டன. போர்த்துக்கேயர் கோட்டையிற் சுங்கம் செலுத்தும் கடப்பாடும் விதிக்கப்பட்டது. சீட்டின்றிச் செல்லும் கப்பல் கொள்ளைப் பொருளாகக் கருதப்பட்டது. எவருக்கும் உரிமையற்றிருந்த கடல், எழுத்து ஒன்றின் மூலம் ஒருவரின் உடைமையாக்கப்பட்டது. இப்பகுதியைப் பொறுத்தவரை நவீன கப்பற் பதிவின் முன்னோடி இச்சீட்டே எனலாம்.

திருகோணமலை அந்நாளிற் கண்டி இராச்சியத்தின் கடல்வாயிலாகப் பயன்பட்டது. மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடா வழியாகவே மலைநாட்டின் வணிகம் வெளியுலகை நாடியது. 1620இல் தேனியத் தளபதி ஓவ கெத்தே இங்கு கோட்டையொன்றை எழுப்ப முயன்றார். அம்முயற்சி நிலைக்காது போக, தேனியர் தரங்கம்பாடியிலே காலூன்றினர். தொடர்ந்து போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா கோணேசர் ஆலயத்தைத் தகர்த்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். இது சமய வெறிச் செயல் எனப் பொதுவாக விளக்கப்படுகின்றது. வெறி இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கோட்டையும், 1628இல் மட்டக்களப்பில் எழுந்த கோட்டையும் சேர்ந்து கண்டியின் இரு வாயில்களையும் அடைத்தன என்பதை நோக்கும்போது, அவ்வெறியை இயக்கிய பொருளியல் நோக்கம் புலனாகின்றது.

1639இல் ஒல்லாந்தர் கண்டியரின் துணையுடன் கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் அவர்களே அதே வாயில்களைக் கண்டியருக்கு எதிராக அடைத்தனர். 1672இல் பிரான்சியர் தோன்றி மறைந்தனர். 1782ஆம் ஆண்டு சனவரியிற் பிரித்தானியரும் ஆகஸ்டிற் பிரான்சியரும் மாறி மாறிக் கைப்பற்றிய இத்துறை, சமாதான உடன்படிக்கையின்படி ஒல்லாந்தருக்கு மீண்டது. 1795இல் அது நிலையாகப் பிரித்தானியர் வசமாயிற்று. ஐந்து ஐரோப்பிய நாடுகள் ஒரு குடாவுக்காக மோதின. கரையில் வாழ்ந்தோரின் கருத்தை எவரும் வினவினாரல்லர்.

இக்காலப் பகுதியின் சிறு நிகழ்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஆன்' என்ற கப்பல் பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. அதிலிருந்த றொபேட் நொக்ஸ் 1660இற் கண்டி மன்னனாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பி, 1681இல் தம் நூலை வெளியிட்டார். மன்னனின் கொடுங்கோன்மைக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டப்படுகின்றது. கடல்வாயில்கள் அடைக்கப்பட்ட ஓர் அரசு, வந்துசேரும் அந்நியக் கப்பலை எத்தகைய அச்சத்தோடு நோக்கியிருக்கும் என்ற வினாவை எழுப்புவோர் சிலரே.

4

பிரித்தானியர் காலத்திற் கடற்சீட்டு முழுமையான பதிவேடாக வளர்ச்சியடைந்தது. 1786ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியக் கப்பல்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. பின்னர் வந்த வணிகக் கப்பற் சட்டங்களில் ஒரு கப்பலின் உடைமை 64 பங்குகளாக வகுக்கப்பட்டது. மரமும் பாயும் கயிறும் சேர்ந்த பொருளொன்று, கண்ணாற் காணாமலே வாங்கவும் விற்கவும் அடகு வைக்கவும் கூடிய சொத்தாக மாறியது.

பதிவேடு உடைமையை மாத்திரமன்றி உழைப்பையும் வகைப்படுத்தியது. பிரித்தானியக் கப்பலின் மாலுமிகளில் நான்கில் மூன்று பங்கினர் பிரித்தானியராக இருத்தல் வேண்டுமெனக் கடற்போக்குவரத்துச் சட்டங்கள் நெடுங்காலம் விதித்தன. 'லஸ்கார்' எனப்பட்ட ஆசிய மாலுமிகள் பிரித்தானிய ஆட்சிப்புலத்திற் பிறந்தோராயினும் பிரித்தானிய மாலுமிகளாகக் கருதப்படார் என 1823ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகக் கூறிற்று. வரி செலுத்தும்போது மன்னரின் குடிகள். கூலி பெறும்போது அந்நியர். ஐரோப்பிய மாலுமியின் கூலியில் ஒரு பகுதியே பெற்று அதே பாய்மரத்தில் ஏறிய தொழிலாளியின் நிலை இதுவாகும்.

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பலொன்று இன்றும் உண்டு. பம்பாயிலே பார்சிகளான வாடியா குடும்பத்தினரின் மேற்பார்வையில் தேக்குமரத்தாற் கட்டப்பட்டு, 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12இல் நீரில் இறக்கப்பட்ட 'திருகோணமலை' இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிற் காட்சிப் பொருளாக உள்ளது. ஆசியக் கைவினைஞரின் திறன் பேரரசின் கடற்படைக்கு வேண்டியதாயிருந்தது; ஆசிய மாலுமியின் உரிமை வேண்டியதாயிருக்கவில்லை.

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கொழும்பு உயர்ந்தமைக்கும் திருகோணமலை ஒதுங்கியமைக்கும் காரணம் பெருந்தோட்டப் பொருளாதாரமேயாகும். மலைநாட்டுக் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கடற்கரைக்குக் கொண்டுசெல்வதற்கென்றே 1867இற் கண்டிவரை புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. அது சென்று முடிந்த இடம் கொழும்பு. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் நீராவிக் கப்பல்கள் கொழும்பிலே நிலக்கரி ஏற்றின. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்ததோ 1927இலேயாகும். அதன் பின்னிலமாகிய உலர்வலயத்திற் குளங்கள் தூர்ந்து, மலேரியா பரவி, மூலதனம் நாடிவரும் உபரி எதுவும் இருக்கவில்லை. உபரி இல்லாத இடத்தில் வணிகத் துறைமுகம் எழாது. ஆனால் உபரி செல்லும் பாதையைக் காப்பதற்குக் கடற்படைத்தளம் வேண்டும். கொழும்பு கொள்ளையின் வாயிலாக அமைந்ததெனில், திருகோணமலை அவ்வாயிலின் காவற்கூடமாக அமைந்தது. இரண்டும் ஒரே அமைப்பின் இரு உறுப்புகளாதலின், ஒன்றைப் 'புறக்கணிக்கப்பட்டது' என்றும் மற்றதை 'வளர்க்கப்பட்டது' என்றும் கூறுவது முழு உண்மையாகாது.

5

இவ்வமைப்பை எதிர்த்துத் தமிழ்க் கடலோரத்தில் எழுந்த முயற்சிகளும் உண்டு. தூத்துக்குடி - கொழும்புக் கடல்வழியிற் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பெனி செலுத்திய ஆதிக்கத்தை முறியடிக்க, வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபா. பங்கொன்றின் விலை 25 ரூபா. 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் வாங்கப்பட்டன. பதிவேட்டில் இந்தியர் பெயரும் இடம்பெறலாம் எனச் சட்டம் அனுமதித்தது. சந்தையும் அரசும் அனுமதிக்கவில்லை. அந்நியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908இல் சிதம்பரனார் சிறையிடப்பட்டார். 1911இற் கம்பெனி கலைக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளரோடு அவர் கைகோத்த பின்னரே அரசு அவர்மீது பாய்ந்தது என்பது கவனித்தற்குரியது. கப்பல் விடும் சுதேசியைப் பொறுத்துக்கொண்ட அரசு, தொழிலாளரோடு நிற்கும் சுதேசியைப் பொறுக்கவில்லை.

ஈழத்திலே வல்வெட்டித்துறையில் வேறொரு வகையிற் கடல் வணிக மரபு நிலைத்திருந்தது. உள்ளூர் மேஸ்திரிமார் கட்டிய பாய்க்கப்பல்கள் தண்டையல்மாரின் அனுபவ அறிவையே துணையாகக் கொண்டு வங்கக் கடலைக் கடந்து பர்மா வரை சென்றன. அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்ற கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. ஈழத்தவர் இதனைப் பெருமையோடு நினைவுகூர்வர், அது நியாயமே. ஆயினும் அக்கப்பல் அமெரிக்கக் கரையை அடைந்தபோது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று மாறியிருந்தது. செலுத்தியோர் நம்மவர், உடைமையும் பெயரும் பிறர்க்குரியன. உழைப்புக்கும் உடைமைக்கும் இடையிலான பிளவை ஒரு கப்பலின் பெயர்ப்பலகையே காட்டி நிற்கின்றது.

6

நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தபோது, பிரித்தானியர் சீனன்குடாவை அண்டிய காட்டிலே எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தனர். இரண்டாம் உலகப் போரிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலையின் இராணுவ முக்கியத்துவம் உச்சத்தை அடைந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே 'ஹேர்மீஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத்தினுள்ளே தீப்பற்றி எரிந்த 'சகைங்' என்ற வணிகக் கப்பல் பின்னர் அங்கேயே அமிழ்த்தப்பட்டு இறங்குதுறையாகப் பயன்படுத்தப்பட்டது. 2018இல் இலங்கைக் கடற்படையினர் அதனை நீரிலிருந்து மீட்டனர். பர்மிய நகரொன்றின் பெயரையும் பிரித்தானிய உடைமையையும் கொண்ட கப்பல் தமிழ்க் கரையொன்றில் எரிந்தமை, பேரரசின் கடல் வணிகம் எத்தகைய வலைப்பின்னலாக இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

1948இற் சுதந்திரம் கிடைத்தபோதும் 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் பயனாகத் தளம் பிரித்தானியரிடமே இருந்தது. 1957ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பண்டாரநாயக்க அரசு அதனைப் பொறுப்பேற்றது. ஏகாதிபத்திய எதிர்ப்பு வரலாற்றில் அது பெருவெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் முற்போக்காளராகிய நாம் அதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். வெளியேறிய இராணுவப் பொருளாதாரத்தின் இடத்தில் மக்கள் நலன் சார்ந்த வணிகத் துறைமுகம் உருவாக்கப்படவில்லை. கொடி மாறியது, துறைமுகத்துக்கும் கரையோர மக்களுக்கும் இடையிலான உறவு மாறவில்லை.

1969இல் இலங்கைக் கப்பற் கூட்டுத்தாபனமும் 1971இல் 52ஆம் இலக்க வணிகக் கப்பற் சட்டமும் தோன்றின. தேசியக் கப்பற்படை ஒன்றைக் கட்டியெழுப்பும் அவாவின் வெளிப்பாடுகள் இவை. 1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை வேறு திசையிற் சென்றது. திருகோணமலையில் 1980இல் சிங்கப்பூர் மூலதனத்துடன் பிரீமா மாவாலையும், 1984இல் ஜப்பானிய மூலதனப் பங்குடன் சீமெந்து ஆலையும் இயங்கத் தொடங்கின. கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் கடல்வழி வந்தன. அவற்றைக் கொண்டுவந்த கப்பல்களின் பதிவேட்டில் இவ்வூரவர் எவருக்கும் இடமிருக்கவில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் மீனவரின் கடலையும் சுருக்கியது. 2006இற் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் பெயர்க்கப்பட்டனர். அவர்தம் நிலம் அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2015 முதலே அவர்கள் படிப்படியாகத் திரும்ப முடிந்தது. அனல்மின் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது.

7

இன்றைய உலக வணிகத்தில், கன அளவின்படி ஐந்தில் நான்கு பங்கிற்கு மேற்பட்டது கடல்வழியே செல்கின்றது. கப்பல்களின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டது லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்று நாடுகளின் பதிவேடுகளில் உள்ளது. இவை உலகின் பெரும் மூலதன நாடுகள் அல்ல என்பதை நாம் அறிவோம். குறைந்த வரி, தளர்ந்த தொழிற்சட்டம், மறைந்து நிற்கக்கூடிய உடைமை ஆகியவற்றை நாடியே முதலாளிகள் இக்கொடிகளை வாடகைக்குப் பெறுகின்றனர். 1948இல் உருவான லைபீரியப் பதிவேட்டை அமைத்தவர் அமெரிக்காவின் முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஸ்ரெற்றினியஸ். அது அமெரிக்க மண்ணிலிருந்தே நிருவகிக்கப்பட்டது. கப்பலுக்கும் கொடிக்கும் 'மெய்யான தொடர்பு' இருத்தல் வேண்டுமென 1958ஆம் ஆண்டு ஜெனீவாச் சமவாயமும் 1982ஆம் ஆண்டுக் கடற்சட்டச் சமவாயமும் கூறின. அத்தொடர்பை வரையறுத்து நடைமுறைப்படுத்த முயன்ற 1986ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் கப்பற் பதிவுச் சமவாயம் இதுவரை நடைமுறைக்கு வரவில்லை. போதிய நாடுகள் அதில் இணையவில்லை.

சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948 முதல் இத்தகைய 'வசதிக் கொடி'களுக்கு எதிராக இயக்கம் நடத்தி வருகின்றது. அச்சம்மேளனம் வசதிக் கொடிகள் என அறிவித்தவற்றின் பட்டியலில் இலங்கையும் இடம்பெற்றுள்ளது என்பது நாம் வெட்கத்தோடு சிந்திக்கவேண்டிய செய்தியாகும். கடற்சீட்டால் ஒடுக்கப்பட்ட ஒரு தீவின் கொடி, பிறநாட்டு மாலுமிகளின் உழைப்பைச் சுரண்டுவதற்கு வாடகைக்கு விடப்படும் கொடிகளோடு ஒருங்கு எண்ணப்படுகின்றது.

இவ்வமைப்பின் விளைவு கிழக்குக் கரையை எட்டாமலில்லை. 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. கொடி பனாமாவுடையது, தலைவன் கிரேக்கன், மாலுமிகளிற் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டினர், எண்ணெய் குவைத்திலிருந்து வந்தது, சென்றடைய வேண்டிய இடம் ஒடிசாவின் பாரதீப், வாடகைக்கு அமர்த்தியது இந்தியன் ஒயில் நிறுவனம். அங்கே உயிர்நீத்தவர் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் ஒருவர். ஏறத்தாழ 270,000 தொன் எண்ணெய் கடலிற் கொட்டியிருப்பின் இழப்பைச் சுமந்திருப்போர் கல்முனை முதல் திருகோணமலை வரையுள்ள மீனவராவர். நயினாதீவுக் கல்வெட்டு இழப்பை இரண்டாகப் பங்கிட்டது. இன்றைய பதிவேடு இலாபத்தை ஓரிடத்திலும் பொறுப்பை வேறோரிடத்திலும் எழுதி வைக்கின்றது.

அதே இந்தியன் ஒயிலின் இலங்கைக் கிளையே சீனன்குடாத் தாங்கிகளிலும் பங்குகொண்டுள்ளது. 1987ஆம் ஆண்டு இந்திய - இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்கள் இத்தாங்கிகளை இரு நாடுகளும் சேர்ந்து புனரமைப்பது பற்றிக் கூறின. 2022ஆம் ஆண்டு சனவரியிற் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி 99 தாங்கிகளில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்தியக் கிளை நிறுவனத்துக்கும், 61 இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. கூட்டு நிறுவனத்தில் இலங்கையின் பங்கு 51 வீதம். அந்நிய மூலதனம் எது, தேசிய மூலதனம் எது என்ற விவாதம் கொழும்பில் உரக்க நடந்தது. தாங்கிகளைச் சூழ வாழும் மக்களுக்கு இத்துறைமுகத்தின் பயனில் எத்தனை வீதம் என்ற வினா எழுப்பப்படவில்லை.

8

இதுவரை நோக்கியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. திருகோணமலை பயன்படுத்தப்படாத துறைமுகமன்று. அது எக்காலத்திலும் பயன்படுத்தப்பட்டே வந்துள்ளது. ஆனால் கரையில் வாழ்வோருக்காக அன்று. போர்த்துக்கேயருக்கு அது அடைக்கவேண்டிய வாயில், பிரித்தானியருக்குக் காவற்கூடம், இன்றைய மூலதனத்துக்கு எண்ணெய்க் கிடங்கு. புலி முத்திரையும் கடற்சீட்டும் 64 பங்குகளும் வாடகைக் கொடியும் ஒரே வினாவுக்கு வெவ்வேறு காலங்கள் அளித்த விடைகள். ஆகவே துறைமுகத்தை 'அபிவிருத்தி' செய்வதா, 'பாதுகாப்பதா' என்ற விவாதத்துக்கு முன்னர், எவருடைய பெயரில் என்ற வினா எழுப்பப்படல் வேண்டும்.

ஆய்வாளருக்கும் இதிற் கடமையுண்டு. கோட்டைகளைப் பற்றியும் தளபதிகளைப் பற்றியும் நூல்கள் பல உள. கடற்படைத் தளத்திற் பணியாற்றிய தொழிலாளரின் நினைவுகளும், தண்டையல்மாரின் கடல் அறிவும், கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் தமிழ், முஸ்லிம் மீனவர் வழங்கும் கடற்சொற்களும் தோணிப் பாடல்களும் போதியளவு தொகுக்கப்பட்டில. சிங்கள மீனவரின் அனுபவமும் இவற்றோடு சேர்த்து நோக்கப்படல் வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாத இம்மக்களின் வரலாற்றை எழுதுவது, துறைமுகத்தின் மீது அவர்களுக்குள்ள உரிமையை நிலைநாட்டும் போராட்டத்தின் ஒரு பகுதியேயாகும்.